படைப்பில் பிளவைத் தேடலாமா?

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, மதீனா மாநகரம். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் பால்குடி மறவாத பருவத்திலேயே வஃபாத்தானார். அதே நாளில் சூரிய கிரகணமும் நேர்ந்தது. பகல் வெளிச்சம் மங்கக் கண்ட மக்கள், நாயகத்தின் மைந்தர் மறைந்தமையால்தான் கதிரவனும் ஒளி குன்றியது என்று தமக்குள் பேசிக்கொண்டனர்.

அந்தப் பேச்சை அப்படியே விட்டிருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நாம் எண்ணக்கூடும். வானமே நபிக்காகத் துக்கம் காக்கிறது என்ற எண்ணம் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோரின் ஈமானை இன்னும் வலுப்படுத்தியிருக்கவும் கூடும். ஆயினும் மகனை இழந்த துயரத்தின் நடுவிலும் பெருமானார் (ஸல்) அவர்கள் அந்தப் பிழையைத் திருத்தினார்கள். சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை கிரகணம் அடைவதில்லை என்றும் விளக்கினார்கள். கிரகணத்தைக் கண்டால் தொழுகையிலும் இறைநினைவிலும் ஈடுபடுமாறு பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

அன்பு வாசகரே! இந்நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. இயற்கை நிகழ்ச்சி ஒழுங்கான விதிப்படி நடக்கிறது என்பது முதற்பாடம். அவ்வாறு விதிப்படி நடந்தும் அது இறைவனின் அத்தாட்சியாகவே இருக்கிறது என்பது இரண்டாம் பாடம். பரிணாமக் கொள்கையையும் இறைநம்பிக்கையையும் எதிரெதிரே நிறுத்தி நடைபெற்று வரும் நீண்ட விவாதத்தில், முதற்பாடத்தைச் சிலரும் இரண்டாம் பாடத்தை வேறு சிலரும் மறந்துவிட்டனர். இரண்டையும் ஒருசேர நினைவிற்கொள்ளும் கடமை நமக்கு உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள் உயிரியல் படிக்கிறார்கள். நாளை மருத்துவர்களாகவும் ஆய்வாளர்களாகவும் வரவிருக்கிறார்கள். ஆதலின் இது அறிஞர் மன்றத்தோடு முடியும் பேச்சு அன்று. நம் இல்லங்களின் பேச்சு.

கடிகாரமும் கசையிழையும்

1802ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுப் பாதிரியார் வில்லியம் பேலி ஒரு நூல் வெளியிட்டார். வெட்டவெளியில் கடிகாரம் ஒன்று கிடக்கக் கண்டால் அதனைச் செய்தவன் ஒருவன் உண்டு என்று உணர்கிறோம். அதைவிடப் பன்மடங்கு நுட்பமான கண்ணும் காதும் இருக்கக் காண்கையில் படைத்தவனை உணர வேண்டாமா என்பது அவர் வாதம். மாணவப் பருவத்தில் பேலியின் எழுத்தை விரும்பிப் படித்தவர்களுள் சார்லஸ் டார்வினும் ஒருவர். 1859இல் டார்வின் வெளியிட்ட நூல் அந்த நுட்பத்துக்கு வேறொரு விளக்கம் தந்தது. உயிர்களிடையே சிறு சிறு வேறுபாடுகள் தோன்றுகின்றன. சூழலுக்கு ஏற்ற வேறுபாடு உடையவை தழைக்கின்றன. பல இலட்சம் ஆண்டுகளில் அவ்வேறுபாடுகள் திரண்டு புதிய இனங்கள் உருவாகின்றன என்றார் அவர். இயற்கைத் தேர்வு என்பது அதன் பெயர்.

அமெரிக்க நாட்டில் இந்தப் பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில், பரிணாமத்தைக் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பின்னர்க் காற்று திசைமாறியது. பரிணாமத்தோடு படைப்புக் கொள்கையையும் அறிவியலாகக் கற்பித்தாக வேண்டும் என்ற லூயிசியானா மாநிலச் சட்டம் செல்லாது என 1987இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமயப் போதனையை அரசுப் பள்ளியில் புகுத்துவது அந்நாட்டு அரசியல் சட்டத்துக்கு முரண் என்பது காரணம்.

அதன் பின்னரே ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்னும் சொல் பரவலாயிற்று. உயிரியல் வேதியியல் பேராசிரியரான மைக்கேல் பீஹி 1996இல் எழுதிய நூல் இதற்குப் பெரும் துணையாயிற்று. எலிப்பொறியில் ஓர் உறுப்பை எடுத்துவிட்டாலும் அது எலியைப் பிடிக்காது. அதுபோல உயிரணுவில் உள்ள சில அமைப்புகள் எல்லா உறுப்புகளும் ஒருங்கே இருந்தால்தான் இயங்கும். ஆகவே அவை படிப்படியாகத் தோன்றியிருக்க இயலாது என்று அவர் வாதிட்டார். பாக்டீரியாவின் கசையிழையை அவர் சிறப்பாகச் சுட்டினார். நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழன்று அந்த நுண்ணுயிரை நீந்தச் செய்யும் வால் போன்ற உறுப்பு அது. அதன் அழகைக் கண்டு வியவாதார் இலர்.

டோவர் வழக்கு

2004ஆம் ஆண்டு அக்டோபரில் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டோவர் என்னும் சிற்றூரின் பள்ளிக் குழுவினர் ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். டார்வின் கொள்கையில் இடைவெளிகள் உள்ளன என்றும், அறிவார்ந்த வடிவமைப்பு என்பது மற்றொரு விளக்கம் என்றும், அதனை விவரிக்கும் நூல் பள்ளியில் கிடைக்கும் என்றும் 9ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஓர் அறிக்கை படித்துக் காட்டப்பட வேண்டும் என்பது அத்தீர்மானத்தின் சாரம். பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். 2005 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய விசாரணை ஆறு வாரங்கள் நீடித்தது.

நம்பிக்கையாளர் ஒரு பக்கமும் நாத்திகர் மறுபக்கமுமாக அந்த மன்றத்தில் நிற்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பள்ளிக் குழுவுக்காகச் சாட்சி கூறிய பீஹி கத்தோலிக்கர். பெற்றோர் தரப்பில் சாட்சி கூறிய உயிரியல் பேராசிரியர் கென்னத் மில்லரும் தேவாலயம் செல்லும் கத்தோலிக்கரே. ஒரே இறைவனை வணங்கும் இருவர், ஒரே கசையிழையைக் காட்டி, எதிரெதிர் முடிவுகளைக் கூறினர்.

மில்லர் காட்டிய சான்று எளிமையானது. பிளேக் நோயை விளைவிக்கும் பாக்டீரியாவிடம் நஞ்சைச் செலுத்தும் ஊசி போன்ற ஓர் அமைப்பு உண்டு. கசையிழையின் அடிப்பகுதியில் உள்ள புரதங்களைப் போன்றவையே அதிலும் உள்ளன. கசையிழையின் பெரும்பகுதி இல்லாமலேயே அந்த ஊசி தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. எனவே முழுமையும் இன்றிப் பகுதியால் பயனில்லை என்ற கூற்று நிற்கவில்லை. எலிப்பொறியில் சில உறுப்புகளை நீக்கினால் எலி பிடிபடாதுதான். எனினும் அது கழுத்துப்பட்டையைப் பிடித்துவைக்கும் ஊக்காகப் பயன்படும் என்பது அவர் காட்டிய உவமை. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தோற்றத்துக்கு அறிவியலிடம் விடையில்லை என்ற கூற்றுக்கு எதிராக, அது குறித்து வெளிவந்த 58 ஆய்வுக் கட்டுரைகள் பீஹியின் முன் வைக்கப்பட்டன.

2005 டிசம்பர் 20ஆம் நாள் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு வழங்கினார். அவரும் சமயப் பற்றுடையவர். அதிபர் ஜார்ஜ் புஷ் அவர்களால் அப்பதவிக்கு நியமிக்கப்பட்டவர். அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் ஆகாது என்றும், பழைய படைப்புக் கொள்கையின் மறுபெயரே அது என்றும் அவர் முடிவு செய்தார்.

பெயரை மறைத்த வாதம்

அந்த வழக்கில் வெளிப்பட்ட ஒரு செய்தி நம் நெஞ்சைத் தைக்க வேண்டும். மாணவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட நூலின் பழைய கையெழுத்துப் படிகள் மன்றத்தில் காட்டப்பட்டன. முற்படிகளில் ‘படைப்பு’ என்றும் ‘படைப்புக் கொள்கையினர்’ என்றும் இருந்த இடங்கள், 1987ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிந்திய படிகளில் ‘வடிவமைப்பு’ என்றும் ‘வடிவமைப்புக் கொள்கையினர்’ என்றும் மாற்றப்பட்டிருந்தன. ஓரிடத்தில் அவசரத்தில் பழைய சொல்லும் புதிய சொல்லும் ஒட்டிக்கொண்டு பொருளற்ற ஒரு சொல்லாகவே நின்றுவிட்டது. வடிவமைத்தவன் யார் என்ற வினாவுக்கு, அதனை அறிவியல் கூறாது என்று அக்கொள்கையினர் விடையளித்தனர். பள்ளிக் குழுவினர் சிலர் தங்கள் சமய நோக்கத்தை மறைக்க மன்றத்தில் பொய்யுரைத்தனர் என்று நீதிபதி கடிந்துரைக்கவும் நேர்ந்தது.

இறைவனுக்காக வாதாடப் புகுந்தவர்கள் இறைவனின் பெயரை மறைத்தார்கள்! ஒரு கவளம் உண்ணும்போதும் பிஸ்மில்லாஹ் கூறித் தொடங்கும் நாம் இதனை எவ்வாறு ஏற்போம்? இறைநம்பிக்கையை வளர்க்க வாய்மையைக் கைவிடுவது, வீட்டுக்கு விளக்கேற்றக் கூரையைப் பிடுங்கி எரிப்பதை ஒக்கும்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய புகழ்பெற்ற நூலின் முன்னுரையில் இதே கிரகணத்தை எடுத்துப் பேசுகிறார்கள். கணித அறிஞர்கள் கிரகணத்தை ஐயத்துக்கிடமின்றி விளக்கிவிட்டனர். நேரத்தையும் அளவையும் முன்கூட்டியே சொல்கின்றனர். மார்க்கத்தைக் காக்கிறேன் என்று சொல்லி அதை மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான். கணக்கை அறிந்தவன் கணக்கை ஐயுறமாட்டான். மார்க்கத்தைத்தான் ஐயுறுவான் என்பது இமாமவர்களின் எச்சரிக்கை. முறையறிந்து எதிர்ப்பவனைவிட முறையறியாமல் ஆதரிப்பவனால் மார்க்கத்துக்கு விளையும் கேடு பெரிது என்றும் அவர்கள் கூறியுள்ளார்கள். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வெச்சரிக்கை பழமையடையவில்லை.

தபாரக் சூரா சொல்வது

அறிவார்ந்த வடிவமைப்பு வாதத்தின் உயிர்நாடி யாது? ‘அறிவியலால் இதனை விளக்க முடியவில்லை, ஆகவே இங்கே இறைவன் இருக்கிறான்’ என்பதே. இந்த வாதம் இறைவனை அறியாமையின் இடுக்குகளில் குடியிருத்துகிறது. ஆய்வு வளர வளர இடுக்குகள் அடைபடும். அப்போது இந்த வாதத்தை நம்பியவன் நிலை என்ன? ஒவ்வொரு புதிய கண்டுபிடிப்பும் அவனுக்கு இடியாக வந்து விழும்.

நம் இல்லங்களில் இரவு உறங்கும் முன் ஓதப்படும் தபாரக் சூராவை எண்ணிப் பாருங்கள். திருமறையின் 67ஆம் அத்தியாயம் அது. அதன் 3, 4 ஆகிய வசனங்கள் அருளாளனின் படைப்பில் முரண்பாடு காண முடியாது என்று கூறி, மீண்டும் பார்க்குமாறும் எங்கேனும் பிளவு தென்படுகிறதா என்று தேடுமாறும் மனிதனை அழைக்கின்றன. தேடிய பார்வை களைத்துத் திரும்பும் என்றும் உரைக்கின்றன.

பிளவு இல்லாமையே இங்கே அத்தாட்சியாக நிற்கிறது! இயற்கையின் ஒழுங்கில் ஓட்டை கண்டுபிடித்து அவ்வழியே இறைவனைக் காட்டும் முறை திருமறையின் முறையன்று. இரவும் பகலும் மாறி வருதல், மழையால் மண் உயிர்பெறுதல், விதை முளைத்தல், தேனீ தேன் சேர்த்தல் ஆகிய அன்றாட நிகழ்ச்சிகளையே அது அத்தாட்சிகள் என்கிறது. இவற்றில் எதுவும் விளக்க முடியாத புதிர் அன்று.

நம் அகீதாவும் இதனையே கற்பிக்கிறது. தமிழ் முஸ்லிம்களுள் பெரும்பாலோர் சார்ந்து நிற்கும் அஷ்அரிய்யா, மாதுரீதிய்யா ஆகிய இரு கொள்கை மரபுகளும், இறைவனின் நாட்டமின்றி எந்தப் பொருளும் எந்த வேலையும் செய்யாது என்பதில் உடன்பட்டவை. பஞ்சில் நெருப்புப் பட்டால் எரிகிறது. அவ்வெரிதலையும் அந்நொடியில் படைப்பவன் அல்லாஹ்வே என்பது கஸ்ஸாலி இமாமின் விளக்கம். இயற்கை விதி என்று நாம் சொல்வது அவனுடைய மாறாத வழக்கம். இவ்வாறிருக்க, ‘இந்த வேலையை இயற்கை செய்தது, அந்த வேலையை இறைவன் செய்தான்’ என்று பங்கு பிரிக்க நமக்கு ஏது உரிமை? கசையிழை படிப்படியாக உருவானது என்று நிறுவப்பட்டாலும், ஒரே நொடியில் உருவானது என்று நிறுவப்பட்டாலும், படைத்தவன் அவனே. ஓர் இலை உதிர்வதும் அவன் அறியாமல் இல்லை என்று 6ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் கூறவில்லையா?

கருவறையும் கழனியும்

இதனை விளங்கிக்கொள்ளப் பேராசிரியர்களிடம் செல்ல வேண்டியதில்லை. நம் வீட்டுத் தாய்மார்களிடம் கேட்டாலே போதும். ஒரே ஓர் அணுவாகத் தொடங்கும் கரு ஒன்பது மாதங்களில் கண்ணும் காதும் இதயமும் பெற்றுக் குழந்தையாகிறது. அதன் ஒவ்வொரு கட்டத்தையும் இன்றைய மருத்துவம் படம் பிடித்துக் காட்டுகிறது. ஆனால் பிள்ளை பிறந்ததும் உம்மா என்ன சொல்கிறாள்? ‘அல்லாஹ் கொடுத்த பிள்ளை’ என்கிறாள். மருத்துவர் கூறியதும் மெய். உம்மா கூறியதும் மெய். ஒன்று மற்றொன்றைத் தள்ளவில்லை. 23ஆம் அத்தியாயத்தின் 12 முதல் 14 வரையுள்ள வசனங்களும் மனிதன் களிமண்ணின் சத்திலிருந்து படைக்கப்பட்டதைக் கூறிவிட்டு, கருவறையில் அவன் படிப்படியாக உருப்பெறுவதை எடுத்துரைத்து, படைப்போரில் அழகிய படைப்பாளனைப் புகழ்ந்து முடிகின்றன. படிப்படியாக நடந்ததால் அது படைப்பு இல்லை என்று ஆகிவிடவில்லை.

56ஆம் அத்தியாயம் உழவனையும் இவ்வாறே கேட்கிறது. விதைப்பவர் நீங்கள், முளைக்கச் செய்பவர் யார் என்பது அதன் வினா. உழவியல் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவனுக்கும் அந்த வினா பொருந்தும். கடல்நீர் ஆவியாகி முகிலாகி மழையாவதைத் தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். எனினும் வானம் பொய்க்கும்போது மழைத் தொழுகை தொழுகிறோம். அதில் நமக்கு முரண்பாடு தோன்றியதில்லை. பரிணாமத்தைக் கேட்டதும் மட்டும் ஏன் பதற வேண்டும்?

தற்செயல் என்பது யாது?

‘பரிணாமம் எல்லாவற்றையும் தற்செயல் என்கிறதே; இறைவனின் நாட்டத்துக்கு அங்கே இடமேது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உயிரணுவின் மரபுப் பொருளில் திடீர் மாற்றங்கள் தோன்றுவதை உயிரியலார் தற்செயல் என்கின்றனர். அந்த உயிரின் தேவையை முன்னிட்டு அம்மாற்றம் தோன்றுவதில்லை, அது எப்போது எங்கே நேரும் என்று நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பதே அச்சொல்லின் பொருள். இறைவனின் நாட்டம் அதில் இல்லை என்று எந்த ஆய்வுக்கூடக் கருவியாலும் அளந்து கூற இயலாது.

திருமறை காட்டும் இரு நிகழ்ச்சிகளை நினைவுகூருங்கள். கப்பலில் சீட்டுக் குலுக்கியபோது யூனுஸ் நபி (அலை) அவர்களின் பெயர் வந்தது. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்தார்கள். சீட்டுக் குலுக்கல் மனிதருக்குத் தற்செயல்; அல்லாஹ்வுக்கு அது தற்செயலா? யூனுஸ் நபி மீன் வயிற்றுக்குச் சென்றதும், மர்யம் அவர்கள் ஸகரிய்யா நபியின் பொறுப்பில் வளர்ந்ததும் அவன் நாட்டப்படியே நடந்தன. களா கத்ரை நம்பும் முஸ்லிமைத் ‘தற்செயல்’ என்ற சொல் அச்சுறுத்தக் கூடாது.

மறுபக்கத்தில் எல்லை மீறுவோரும் உண்டு. ரிச்சர்டு டாக்கின்ஸ் போன்றோர் 1986 முதல் எழுதிவரும் நூல்களில் டார்வின் கொள்கை நாத்திகத்துக்கு அரண் செய்வதாகக் காட்டுகின்றனர். அது அவர்களுடைய தத்துவம்; உயிரியலின் முடிபு அன்று. எவ்வாறு நடந்தது என்று ஆராய்வது அறிவியல். யாருக்காக, எதற்காக, யாருடைய நாட்டத்தால் என்ற வினாக்களுக்கு அதனிடம் அளவுகோல் இல்லை. டார்வினே 1879இல் எழுதிய ஒரு கடிதத்தில், கடவுளை மறுக்கும் நாத்திகனாகத் தான் ஒருபோதும் இருந்ததில்லை என்று குறிப்பிட்டார். அவர் நம்பிக்கையாளராக இறந்தார் என்று இதற்குப் பொருளில்லை. தன்னை ஐயுறவாளன் என்றே அவர் கருதினார். கொள்கையைக் கண்டவரே சொல்லாத ஒன்றைக் கொள்கையின்மேல் ஏற்றிச் சொல்கிறார்கள் என்பதே நாம் அறிய வேண்டுவது.

இரவல் ஆயுதங்கள்

வேதனைக்குரிய மற்றொன்றையும் கூறியாக வேண்டும். அமெரிக்கக் கிறிஸ்தவர்களின் வாதங்களை நம்மவர் சிலர் இரவல் வாங்கி, திருமறை வசனங்களை மேலே ஒட்டி வெளியிடுகின்றனர். துருக்கியிலிருந்து ஹாருன் யஹ்யா என்னும் புனைபெயரில் 2006இல் வெளிவந்த படைப்பு வரைபட நூல் இதற்குச் சான்று. ஏறத்தாழ 800 பக்கங்கள்; வழவழப்பான தாளில் வண்ணப் படங்கள். 2007இல் பிரான்சு நாட்டுப் பள்ளிகளுக்கும் பல நாட்டு அறிஞர்களுக்கும் அது இலவசமாக அனுப்பப்பட்டது. உயிர்கள் மாறவே இல்லை என்று காட்டுவதற்காக அதில் தொல்லுயிர் எச்சங்களின் அருகே இக்காலப் பூச்சிகள் என்று சில படங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுட் சில, மீன் பிடிப்போர் தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சிகள். தூண்டில் முள்ளும் படத்தில் தெரிந்தது! உலகம் நகைத்தது. நகைப்புக்கு உள்ளானது நூலாசிரியர் மட்டுமல்லர். அவர் ஏந்திவந்த திருமறையின் பெயரும்தான். வந்த செய்தியைத் தீர விசாரித்து அறியுமாறு 49ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் நமக்கு ஆணையிட்டிருக்கிறதே!

இதற்கு எதிர்க்கோடியில் வேறொரு பெருமிதப் பேச்சும் உண்டு. டார்வினுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முஸ்லிம்கள் பரிணாமத்தைக் கண்டுபிடித்துவிட்டனர் என்பர் சிலர். 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பஸராவின் அல்ஜாஹிஸ் விலங்குகளைப் பற்றி ஏழு பகுதிகளில் பெருநூல் எழுதினார். ஒன்றையொன்று இரையாக்கி உயிர்கள் வாழ்வதைக் கூர்ந்து நோக்கி, சிற்றுயிரிலும் இறைவனின் ஞானத்தைக் கண்டார். 14ஆம் நூற்றாண்டின் இப்னு கல்தூன் கனிமம், தாவரம், விலங்கு, குரங்கு, மனிதன் எனப் படைப்புகள் ஏணிப்படிகளாய்த் தொடர்ந்து நிற்பதை எழுதினார். இவை நாம் போற்றத்தக்க சிந்தனைகள். ஆனால் இயற்கைத் தேர்வு என்னும் விளக்கம் அவற்றில் இல்லை. உள்ள பெருமை போதும். இல்லாத பெருமையைப் புனைய வேண்டாம்.

ஆதம் நபி (அலை) அவர்களின் படைப்பு

இனி, நெஞ்சில் உறுத்தும் உண்மையான கேள்விக்கு வருவோம். செடிகொடிகளும் விலங்குகளும் படிப்படியாகத் தோன்றின என்பதை மறுக்கும் தெளிவான வசனம் ஏதுமில்லை. ஆனால் ஆதம் (அலை) அவர்களை அல்லாஹ் மண்ணிலிருந்து படைத்தான் என்று திருமறை கூறுகிறது. மனிதனுக்கும் குரங்கினங்களுக்கும் பொது மூதாதை உண்டு என்று உயிரியல் கூறுகிறது. அச்சான்றுகளும் எளிதில் தள்ளத் தக்கவையல்ல. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள், சிம்பன்சிக்கு 48. மனிதனின் இரண்டாம் குரோமோசோம், இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை இணைந்ததன் தழும்பைத் தாங்கி நிற்கிறது. டோவர் மன்றத்திலும் இது எடுத்துக்காட்டப்பட்டது.

இங்கே அறிஞர்கள் பல வழிகளில் சிந்தித்துள்ளனர். லெபனானின் திரிபோலி நகரைச் சேர்ந்த ஷைகு ஹுஸைன் அல்ஜிஸ்ர் 1888இல் எழுதிய நூலில் ஒரு நெறியை வகுத்தார். வசனத்தின் வெளிப்படையான பொருளை முஸ்லிம் பற்றி நிற்க வேண்டும். ஐயத்துக்கு இடமில்லாத சான்று வருமாயின் அதற்கு இயைய வசனத்தை விளங்கிக்கொள்ள வழியுண்டு. எப்படியாயினும் படைத்தவன் அல்லாஹ்வே என்ற நம்பிக்கைக்குப் பழுதில்லை என்பது அவர் கருத்து. ஏனைய உயிர்களின் பரிணாமத்தை ஏற்று, ஆதம் நபியின் படைப்பைத் தனி முஃஜிஸாவாகக் கொள்வோரும் இக்காலத்தில் பலர்.

இப்பிற்கூறிய வழி எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. 3ஆம் அத்தியாயத்தின் 59ஆம் வசனம் ஈஸா நபி (அலை) அவர்களின் படைப்பை ஆதம் நபியின் படைப்போடு ஒப்பிடுகிறது. தந்தையின்றிக் குழந்தை பிறப்பதில்லை என்ற உயிரியல் விதியை நாம் மறுக்கவில்லை. மருத்துவ நூலை எரிக்கவுமில்லை. ஆயினும் ஈஸா நபி தந்தையின்றிப் பிறந்தார்கள் என்று நம்புகிறோம். பொதுவிதி ஆய்வினால் அறியப்படுவது. அற்புதம் வஹீயினால் அறியப்படுவது. ஆதம் நபியின் செய்தியும் அத்தகையதே. இவ்வாறு கொண்டால் முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று நான் கூறவில்லை. நாம் அறியாதவற்றையும் அவன் படைக்கிறான் என்று 16ஆம் அத்தியாயத்தின் 8ஆம் வசனம் கூறுகிறது. வேறு விளக்கம் கொண்ட சகோதரரை நோக்கிக் குஃப்ரு என்ற சொல்லை எறியாமலேனும் இருப்போம்.

இல்லங்களில் நாம் செய்ய வேண்டுவன

2023இல் நம் நாட்டின் மத்தியப் பாடத்திட்ட நிறுவனம் 10ஆம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் கையொப்பமிட்டு அதனை எதிர்த்தனர். ‘தொல்லை விட்டது’ என்று மகிழ்ந்த நம்பிக்கையாளரும் இருந்திருக்கலாம். அது மகிழத் தக்கதன்று. பாடத்தை நீக்குவதால் கேள்வி நீங்காது. 12ஆம் வகுப்பில் அது விரிவாகவே உள்ளது. மருத்துவக் கல்லூரியிலும் பிள்ளை அதனைச் சந்தித்தே தீரும். ஆன்டிபயாடிக் மருந்துக்கு நோய்க்கிருமிகள் எவ்வாறு பணியாமற் போகின்றன என்பதைப் பரிணாமம் அறியாத மருத்துவர் எப்படி விளங்கிக்கொள்வார்? நம் பிணி தீர்க்கும் அறிவைக் கற்க வேண்டாம் என்று நாமே தடுப்பதா?

அன்புப் பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ பாடநூலைக் கையில் ஏந்தி வந்து, ‘வாப்பா, இது மெய்யா?’ என்று கேட்கும் நாள் வரும். அன்று முகம் சுளித்து, ‘இதையெல்லாம் நம்பினால் ஈமான் போய்விடும்’ என்று அதட்டாதீர்கள். அவ்வாறு அதட்டினால் ஒரு கையில் புத்தகத்தையும் மறுகையில் ஈமானையும் வைத்து, இரண்டில் ஒன்றைக் கீழே போடு என்று பிள்ளையைப் பணித்தவர்களாவீர்கள். புத்தகத்தில் உள்ளதை அந்தப் பிள்ளை பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் தன் கண்ணால் காணும். அப்போது எதைக் கீழே போடும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த இழப்புக்கு டார்வினைக் குறைகூறிப் பயனில்லை.

மாறாக, பிள்ளையை அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். பூமியில் பயணம் செய்து, படைப்பை அல்லாஹ் எவ்வாறு தொடங்கினான் என்று பார்க்குமாறு 29ஆம் அத்தியாயத்தின் 20ஆம் வசனம் பணிப்பதைக் காட்டுங்கள். ‘நன்றாகப் படி, சான்றுகளை நேர்மையாக ஆராய், அறிந்ததை அறிந்தேன் என்று சொல், அறியாததை அறியேன் என்று சொல்’ எனக் கூறுங்கள். விடை தெரியவில்லையானால் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதில் வாப்பாவுக்கு இழுக்கில்லை. பெரும் பெரும் இமாம்களும் தங்கள் தீர்ப்புகளை ‘அல்லாஹ்வே நன்கறிந்தவன்’ என்று கூறித்தானே முடித்தார்கள்!

ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆ மேடையில் பரிணாமத்தைப் பற்றிப் பேசுமுன், நம் ஜமாஅத்தைச் சேர்ந்த உயிரியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து அக்கொள்கை உண்மையில் என்ன சொல்கிறது என்று கேட்டறிந்து பேசுங்கள். ‘மனிதன் குரங்கிலிருந்து வந்தால் இன்றைக்கும் குரங்குகள் ஏன் இருக்கின்றன?’ என்று மேடையில் கேட்கப்படும்போது, கீழே அமர்ந்திருக்கும் கல்லூரி மாணவன் தலைகுனிகிறான். பொது மூதாதை என்பதன் பொருளை அவன் முதலாண்டிலேயே படித்துவிட்டான். தக்க விடை நம் மரபிலேயே இருக்க, தகாத விடையை அவன் செவியில் ஏன் இட வேண்டும்?

3ஆம் அத்தியாயத்தின் 190, 191 ஆகிய வசனங்கள் நின்றும் அமர்ந்தும் படுத்தும் இறைவனை நினைப்போரையும், வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்போரையும் ஒருசேரப் புகழ்கின்றன. நினைப்பவரும் சிந்திப்பவரும் அங்கே இரு கூட்டத்தார் அல்லர், ஒரே மனிதர். அத்தகைய மனிதர்களாக நம் பிள்ளைகள் வளர வேண்டும். நுண்நோக்கியின் மேல் குனிந்த கண், கண்டதை மறைக்காத நாவு, கண்ட பின் ஸுஜூதில் பணியும் நெற்றி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த தலைமுறையை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.